திகனச் சாரலும் உணவின் உறுதியும்

திகனவை அடுத்து விரிந்து கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காணாத பழைய மாணவர் நம்முள் மிகச் சிலரே. 122 மீற்றர் உயரமான அணை மகாவலியை மறித்தபோது பழைய தெல்தெனியா நகரும் அயல் வயல்களும் நீருள் அமிழ்ந்தன. 1985இல் திறந்து வைக்கப்பட்ட அவ்வணையின் நீர் இன்று மின்சாரம் தருவதோடு, கீழ்நிலத்து நெல்வயல்களுக்கும் பாய்கின்றது. ஆதலின் அந்நீர்த்தேக்கம் மண்ணால் தூர்ந்துபோகாது காத்தலும் உணவைக் காத்தலேயாகும்.

உணவுறுதி என்பது களஞ்சியத்தில் நெல் நிறைந்திருத்தல் மட்டுமன்று. எல்லா மக்களும் எக்காலத்தும் போதிய, பாதுகாப்பான, சத்துள்ள உணவைப் பெறக்கூடிய நிலையே அதுவென 1996இல் உரோமாபுரியிற் கூடிய உலக உணவு உச்சிமாநாடு வரையறுத்தது. விளைவு வேண்டும்; அதனைப் பெறும் வழி வேண்டும்; உண்பது உடலிற் சேர வேண்டும்; இம்மூன்றும் தவறாது நிலைத்தலும் வேண்டும்.

மலைநாட்டில் இதற்கு முதற்பகை மண்ணரிப்பு. வெறுஞ்சரிவில் நேரே வீழும் மழை, வளமுள்ள மேல்மண்ணை அள்ளிச் செல்கின்றது. கண்டி வீட்டுத்தோட்டமோ இதனைத் தடுக்கும் தகைமையது. தென்னை, கித்துள், பலா என்பன மேலே. கராம்பு, சாதிக்காய், கோப்பி என்பன இடையே. கிழங்கும் கீரையும் கீழே. மழைத்துளி இலைதோறும் தங்கி மெல்ல இறங்குகின்றது. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. உதிர்ந்த சருகு மக்கி எருவாகின்றது. ஒரு பயிர் பொய்த்தாலும் பிறிதொன்று கைகொடுக்கும். கோப்பி ஒன்றையே நம்பிய தோட்டங்களை 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் அழித்தமை இதற்கு எதிர்ச்சான்று.

எனினும் இயற்கைமுறை என்னும் பெயரே பசி தீர்க்காது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. மிகுவிளைச்சல் நெல்லினங்கள் வேண்டும் நைதரசனைக் கூட்டெருவால் ஒரே போகத்தில் ஈடுசெய்தல் அரிது. நவம்பரில் தடை நீங்கியும் பெரும்போக விளைவு வீழ்ந்தது. அந்நியச் செலாவணியும் வற்ற, விலை ஏறிற்று. 2022இல் ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள் உணவுறுதியின்றி இருந்தனர் என ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டன.

அவருள் மிக வருந்தியோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நாட்டுக்குச் செலாவணி ஈட்டித் தரும் அவர்களுட் பலருக்கு, லயத்து வாசலில் நாலு கீரைப் பாத்தி போடுதற்கும் சொந்த நிலமில்லை. வீட்டுத்தோட்டத்தின் சிறப்பை நாம் எத்துணைதான் எடுத்தோதினும், வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் இல்லாதவிடத்து அது வெற்றுரையே.

நிலமுடையோர் அதனைத் துண்டாடி மரங்களை வீழ்த்துமுன் சற்றே சிந்திப்பாராக. பலாமரத்தை உத்தரவின்றி வெட்டலாகாதென 1951இலேயே இந்நாட்டில் சட்டம் எழுந்தது. பஞ்சகாலத்தில் அதன் அருமையை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது. மாணவர்காள்! இன்று நீவிர் நடும் பலாக்கன்றின் கனியை, நும் பின்வருவோர் அடுத்த விழாக்காலத்தும் உண்பர்.