தாத்தா சொன்ன கம்பெனி ரயில்

எங்கள் தாத்தா பரங்கிப்பேட்டைப் பக்கம் கீமேனாக இருந்தவர். விடியும் முன்பே சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி, தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் சாவிகளைத் தட்டிக்கொண்டே வெள்ளாற்றுப் பாலம் வரை நடப்பார். ரயில்வே அரசாங்கத்துக்கு வந்து வெகுகாலம் ஆன பிறகும் அவருக்கு அது ‘கம்பெனி ரயில்’தான். “யாரு கம்பெனி தாத்தா?” என்று கேட்டால், “லண்டன் தொரைங்களுது” என்பார். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு 22 வருடம் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய்வந்தவள் நான். அந்தப் பதில் பாதிதான் சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா, கர்நாடிக் என்ற இரு கம்பெனிகள் இணைந்து 1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆயின. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சாவூர் போகும் மெயின் லைன், 1870-களில் போட்ட மீட்டர் கேஜ் பாதை. முதல் திரட்டியது லண்டனில். நிலத்தைச் சும்மா கொடுத்தது இங்கிருந்த அரசு. அன்றைய ஒப்பந்த முறைப்படி, போட்ட முதலுக்கு வட்டி நிச்சயம் என்று பொறுப்பேற்றதும் அரசுதான். தொடக்க கால ரயில்களுக்கு அது 5 சதவீதம். வருமானம் போதாவிட்டால் குறை கஜானாவிலிருந்து போகும். கஜானாவில் இருந்தது உப்பு வரியும் உழவர் கட்டிய கிஸ்தியும்.

1890 முடிவில் அரசு பாதையை வாங்கியது. அதே பெயரில் புதுக் கம்பெனி அமைந்தது. பாதை அரசுக்குச் சொந்தம், வண்டி ஓட்டுவது கம்பெனி, லாபத்தில் இருவருக்கும் பங்கு. 1879-ல் திறந்த விழுப்புரம்–புதுச்சேரி கிளையில் கூட்டு இன்னும் விநோதம்: பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த தண்டவாளம் புதுச்சேரி ரயில்வே கம்பெனியுடையது, அதிலும் ஓடியது தென்னிந்திய ரயில்வே வண்டி.

1944-ல் கம்பெனி விலகியது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது.

2006 கடைசியில் எங்கள் பாதையில் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் வண்டி வர 2010 ஆயிற்று. அதுவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனபோதுதான், ரயில் வழியில் வரும் புதுச்சத்திரமும் ஆலப்பாக்கமும் எனக்கு எவ்வளவு நெருங்கியவை என்று புரிந்தது.

தாத்தாவின் அப்பா கிள்ளையில் அரைக்காணிக்குக் கிஸ்தி கட்டியவர். அந்தக் காசும் இந்தப் பாதையில் கிடக்கிறது. இப்போதும் வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவேன். மனசுக்குள் அவரிடம் சொல்லிக்கொள்வேன்: “தாத்தா, இதுல உங்க அப்பாவும் பங்காளிதான்.”