கூடிப் பேசினால் குடும்பம் தழைக்கும்!

பௌர்ணமி நெருங்கிவிட்டால் எங்கள் திருவண்ணாமலைக்குத் தனிக் களை வந்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் கடைகள்தான். பூ விற்கிறவள், சுண்டல் விற்கிறவள், அகல் விளக்கு அடுக்கியிருப்பவள், மூலிகைப் பொடி வைத்திருப்பவள் என்று எத்தனை பெண்கள்! கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றுப்பட்ட கிராமங்களில் ஒரு மாதத்துக்கு முன்பே பொரி உருண்டைக்கு வெல்லம் வாங்கும் பேச்சு ஆரம்பித்துவிடும்.

மாவட்டம் முழுவதுமே இப்படித்தான். வந்தவாசியில் கோரைப்பாய், ஆரணியில் பட்டுத் தறி, ஜவ்வாதுமலையில் சாமை, தினை, தேன், புளி. செய்யாறு பக்கம் ஜடேரியில் நாமக்கட்டி. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இவற்றில் எதை எடுத்தாலும் பெண்களின் கை படாமல் ஒரு பொருளும் சந்தைக்குப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் போய், “நீங்க என்னம்மா தொழில் பண்றீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “தொழிலா? சும்மா வீட்டோட ஏதோ செய்யறேன்” என்பாள்.

இந்த ‘சும்மா’தான், சகோதரிகளே, நம்மைக் கீழேயே உட்கார வைத்திருக்கிறது. தனியாகச் செய்யும் வரை அது ‘சும்மா’. நாலு பேர் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டால் அது தொழில். எங்கள் கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுவில் நான் பல வருஷமாக இருப்பவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் அங்கே பார்த்ததை, கேட்டதை நாலு பேருக்குச் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூக்காரியின் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காலையில் பூ வாங்க முதல் இல்லாத பெண், வட்டிக்காரரிடம் போகிறாள். அவர் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 ரூபாய் கொடுக்கிறார். சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பித் தர வேண்டும். “நூறு ரூபாதானே” என்று தோன்றும். மாதம் முப்பது நாளும் இப்படி வாங்கினால் வட்டி மட்டும் 3,000 ரூபாய்! 900 ரூபாய் முதலுக்கு மூவாயிரம் ரூபாய் வட்டி! வெயிலில் உட்கார்ந்து தொடுத்த பூவெல்லாம் யாருக்காக என்று நீங்களே சொல்லுங்கள்.

இதே பெண் ஒரு குழுவில் இருந்து, 1,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் எடுத்தால் ஒரு மாதத்துக்கு 20 ரூபாய். அந்த இருபதும் ஊரைவிட்டுப் போவதில்லை. குழுவின் பொதுப் பணத்தில் சேர்ந்து, நாளைக்கு அவளுக்கே கடனாகத் திரும்பி வரும். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் அவசரத்துக்குக் கை நீட்ட வேறு இடம் இல்லாவிட்டால் அந்த வாசலுக்குத்தானே போக வேண்டியிருக்கிறது? அந்த வேறு இடம்தான் குழு.

எண்பது ரூபாயில் ஒரு தொடக்கம்

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் அப்பளம் இட்டுக் காயவைத்தார்கள். முதல் நாள் செய்தது நாலே கட்டு. அதுதான் பிற்பாடு தேசமெங்கும் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம். அங்கே அப்பளம் இடுகிற பெண்களே பங்குதாரர்கள்.

1972-ல் ஆமதாபாத்தில் இலா பட் அம்மையார், தலைச்சுமை தூக்குகிறவர்களையும் தெருவில் காய்கறி விற்கிறவர்களையும் சேர்த்து ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். எந்த வங்கியும் இவர்களை உள்ளே விடவில்லை. ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு, 1974-ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே ஆரம்பித்துவிட்டார்கள். நம் சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மையார் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியதும் இதே எண்ணத்தோடுதான்.

இன்றைக்கு நாம் பார்க்கிற சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் வேர் பிடித்தது 1989-ல், தர்மபுரி மாவட்டத்தில். ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அங்கே ஆரம்பித்தது. எங்கள் செங்கம் தாண்டினால் அந்தப் பக்கம்தான்! வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே 1989-ல்தான். 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களுக்கு வங்கிக் கடன் தரும் ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கியது. 1997-98-ல் ‘மகளிர் திட்டம்’ வந்த பிறகு, ஊருக்கு ஊர் குழு என்றாகிவிட்டது.

ஐந்து விதிகள்

குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருக்கலாம். ஏன் இருபதோடு நிறுத்தினார்கள் தெரியுமா? 1956-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, இருபது பேருக்கு மேல் சேர்ந்து லாபத்துக்காகத் தொழில் செய்தால் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. அதற்குள் இருந்தால் பதிவுத் தொல்லை இல்லாமலே குழு பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது பேர் என்றால்தான் ஒருவர் கஷ்டம் ஒருவருக்குத் தெரியும்.

குழுவுக்கு ஐந்து விதிகள் உண்டு. ‘பஞ்ச சூத்திரம்’ என்பார்கள். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குவது, சொன்ன தேதியில் திருப்பிக் கட்டுவது, கணக்கை ஒழுங்காக எழுதுவது. கேட்பதற்கு எளிது, நடத்திப் பார்த்தால்தான் அருமை தெரியும். ஆறு மாதம் இந்த ஐந்தும் சரியாக நடந்தால், வங்கிக்காரர்கள் தர மதிப்பீடு செய்து கடன் தருவார்கள். 20 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பத்திரமோ நகையோ அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

தீபாவளிச் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சிலர் கேட்கிறார்கள். சீட்டில் பணம் ஒருவர் கையில். அவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டால் நாம் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குழுவிலோ பணம் பொதுக் கணக்கில். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கூட்டாகக் கையெழுத்துப் போடாமல் ஒரு ரூபாய் வெளியே வராது. எதற்காக எடுத்தோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்திருக்க வேண்டும்.

கடன் மட்டும் போதுமா?

போதாது. இதை அழுத்திச் சொல்கிறேன். கடன் வாங்கத்தான் குழு என்று நினைப்பவர்கள், கடன் கிடைத்த மறு மாதமே கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். நிஜமான லாபம் கூட்டத்தில் நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஆறு பேர் தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிக்கிறவர்கள். முன்பெல்லாம் அவரவர் மளிகைக் கடையில் கிலோ கணக்கில் வெல்லம் வாங்குவோம். ஒரு கூட்டத்தில் யார் என்ன விலைக்கு வாங்கினோம் என்று சொல்லிப் பார்த்தபோது, ஆளுக்கு ஒரு விலை! “அடியே, நம்மள எல்லாம் தனித்தனியா ஏமாத்திக்கினு இருக்கான்டி!” என்றாள் ஒருத்தி. அந்த வருஷத்திலிருந்து ஆறு பேர் பணத்தையும் சேர்த்து, மண்டியில் சிப்பமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். விற்பதிலும் அப்படியே. ஒரே தெருவில் ஆறு பேரும் நின்று ஒருவர் விலையை ஒருவர் குறைத்துக்கொண்டால், சிரிப்பது வாங்குகிறவர்தான். இடத்தைப் பிரித்து, இதற்குக் கீழ் விற்பதில்லை என்று ஒரு விலையும் பேசி வைத்துக்கொண்டோம்.

இன்னொரு நன்மை, விஷயம் காதில் விழுவது. உணவுப் பண்டம் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், பாக்கெட்டில் தயாரித்த தேதி இருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குக் குழுவில்தான் தெரிந்தது. குழுப் பொருள்களை விற்கப் ‘பூமாலை’ வளாகங்கள் கட்டினார்கள். கல்லூரிச் சந்தைகள், கண்காட்சிகள் நடத்தினார்கள். ‘மதி’ என்ற பெயரில் விற்கவும் ஏற்பாடு வந்தது. இப்படி ஒன்று இருக்கிறது என்று தனியாக இருக்கும் பெண்ணுக்கு யார் வந்து சொல்வார்கள்? 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது சுகாதாரத் தன்னார்வலர்களாக எடுத்ததும், 2022-ல் பள்ளிகளில் காலை உணவு ஆரம்பித்தபோது சமையல் பொறுப்பைக் கொடுத்ததும் குழுப் பெண்களுக்குத்தான்.

தவணை தவறினால்...?

இதுதான் எல்லோர் மனத்திலும் உள்ள பயம். எங்கள் குழுவிலும் அந்தச் சோதனை வந்தது. கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்த ஓர் அக்காவின் மாடு, கன்று போட்ட நாலாம் நாள் செத்துப் போயிற்று. பால் இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. கூட்டத்துக்கு வரவே கூசினார். வேறு ஒரு தனியார் நிதி நிறுவனத்திலும் அவர் வாரக் கடன் வாங்கியிருந்தார். அங்கிருந்து வந்தவர்கள் திண்ணையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் எதிரில் அவர் பட்ட அவமானத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நாங்கள் நாலு பேர் போய்க் கூட்டத்துக்கு அழைத்து வந்தோம். “மூணு மாசம் அசல் வேண்டாம், வட்டி மட்டும் கட்டட்டும்” என்றார் ஊக்குநர். உடனே இன்னொருத்தி, “எம் மவன் ஆஸ்பத்திரில கிடந்தப்போ எனக்கு யாரு விட்டா? நான் தாலிக் குண்ட வச்சித்தானே கட்டினேன்?” என்று கேட்டுவிட்டாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில், ‘மரணம், ஆஸ்பத்திரி, கால்நடை இழப்பு — இந்த மூன்றுக்கும் யாராக இருந்தாலும் மூன்று மாத அவகாசம்’ என்று பொதுத் தீர்மானம் எழுதினோம். கேள்வி கேட்டவளே முதல் கையெழுத்துப் போட்டாள். அந்த அக்கா ஏழாம் மாதம் பாக்கியைக் கட்டி முடித்தார். இப்போது தையல் மிஷின் வைத்திருக்கிறார்.

அதோடு இன்னொரு விதியும் சேர்த்தோம். மாட்டுக் கடன் என்றால் இன்ஷூரன்ஸ் கட்டாயம். மாட்டின் காதில் போடும் வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து வேறு போட வேண்டும். வில்லை இல்லாவிட்டால் பணம் கிடைக்காது.

வட்டிக்கு விடும் நிறுவனங்களும் பெண்களை வரிசையாக உட்கார வைத்து அதைக் ‘குழு’ என்றுதான் சொல்கின்றன. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். சேமிப்பு நம்முடையதா? வட்டி நம் பொதுப் பணத்தில் சேருகிறதா? விதியை நாம் எழுதினோமா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால்தான் அது நம் குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை எழுந்து போகவிடாமல் வைப்பது குழு அல்ல, அது வசூல்.

தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கு

* ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்களாகச் சேருங்கள். வசதியுள்ள ஒருவர் இருந்தால் முடிவெல்லாம் அவருடையதாகிவிடும்.

* கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவரே என்றால் ஆபத்து. இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுங்கள். கூட்ட முடிவில் கணக்கை உரக்கப் படியுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் காது கேட்குமல்லவா?

* ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

* கடன் உங்கள் பெயரில் என்றால் தொழிலும் உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் வாங்கிச் செலவழித்துவிட்டால், கட்டப் போகிறவள் நீங்கள்தான்.

* வீட்டுச் செலவுப் பணமும் தொழில் பணமும் ஒரே டப்பாவில் கிடக்கக் கூடாது. உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுப் பார்த்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

* விவரம் வேண்டுமானால் ஒன்றிய அலுவலகத்திலோ, மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்திலோ, உங்கள் ஊராட்சிக் குழுக் கூட்டமைப்பிலோ கேளுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம் வீட்டை விட்டு வந்து நாலு பேரோடு உட்கார்ந்தால், “ஊர்க்கதை பேசப் போயிட்டா” என்று சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். சொல்லட்டுமே! வெல்லம் என்ன விலை, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பெண்ணின் படிப்பு நிற்கப் போகிறது — எல்லாம் அந்த ஊர்க்கதையில்தான் இருக்கிறது. கையில் பத்து ரூபாய் சேமிப்பும் பக்கத்தில் பன்னிரண்டு பெண்களும் இருந்தால் போதும். இந்த வாரமே முதல் கூட்டத்தைப் போட்டுவிடுங்கள்.