தண்ணீரை வெளியே விடும் ஷூ

நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஃபியோர்ட்லாந்து என்ற மலைக்காட்டுப் பகுதி இருக்கிறது. அங்குள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும். பெய்த நீரெல்லாம் வடியாமல் அப்படியே நின்றால், ஒரு மாடி வீடே மூழ்கிவிடும்! இந்த ஃபியோர்ட்லாந்தில்தான் 1988 முதல் ‘கெப்லர் சேலஞ்ச்’ என்ற 60 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் நடக்கிறது.

ஈரக் காட்டில் ஓட எந்த ஷூ நல்லது? தண்ணீர் புகாத ஷூ என்றுதானே சொல்வீர்கள்? ஓடிப் பழகியவர்கள் பலர் துளைத்துளையான வலைத்துணி ஷூவைத்தான் எடுப்பார்கள்.

தண்ணீர் புகாத ஷூவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதன் நுண்துளைகள் வழியே வியர்வை ஆவி வெளியேறும், நீர்த்துளி நுழையாது. தூறலுக்கு அது போதும். ஓடையில் இறங்கினால்? கணுக்கால் பக்கமாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை வெளியே விடாமல் தடுப்பதும் அதே சவ்வுதான்! அடிக்கு அடி சளக், சளக். ஊறி மெத்தென்றான தோல் சாக்ஸில் உரசிக் கொப்புளம் கிளம்பும். வலைத்துணி ஷூவிலோ, காலை அழுத்தி ஊன்ற ஊன்றத் தண்ணீர் பிதுங்கி வெளியேறும்.

இனி ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரத்தில் ரப்பர் பற்கள். சேற்றுக்குள் இறங்கிப் பிடித்து, காலை முன்னே தள்ளுவது இவைதான். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடுக்கில் சேறு அப்பிக்கொள்ளும். அப்புறம் பல் இருந்தும் பயனில்லை.

நனைந்த பாறையில் இந்தப் பற்கள் இறங்க முடியாது. அங்கே கைகொடுப்பது மென்மையான ரப்பர். பாறையின் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களுக்குள் அது அமுங்கி ஒட்டிப் பிடிக்கும். உங்கள் ஷூவின் அடி ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், மென்மையா கடினமா என்று தெரிந்துவிடும். ஆனால் பாசி படர்ந்த வேரில் எந்த ரப்பரும் வழுக்கும். அதை மிதிக்காமல் தாண்டுவதுதான் ஒரே வழி.

நியூசிலாந்தின் வடபகுதியில் இன்னொரு கவலையும் உண்டு. அங்கே கவுரி என்ற மாபெரும் மரங்களின் வேரை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி அழுக வைக்கிறது. ஷூவில் ஒட்டிய துளி மண்ணே அதை அடுத்த காட்டுக்குக் கொண்டுபோய்விடும். அதனால் பாதை தொடங்கும் இடத்தில் பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். நுழையும்போதும் திரும்பும்போதும், பல்லிடுக்கு மண் முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும்.