மாஸ்தி ஏன் இவ்வளவு பேசுகிறார்?

பெங்களூரின் தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் தமிழ் இருக்கிறது. தெருவில் கன்னடமும் வீட்டுக்குள் தமிழும் பேசும் குடும்பங்கள் இந்த நகருக்குப் புதிதல்ல. கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் அப்படியொரு வீட்டுப் பிள்ளைதான். அவர் கதை ஒன்றை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

1891-இல் கோலார் பக்கம் மாலூர் வட்டத்தில் பிறந்தவர். சென்னையில் ஆங்கில எம்.ஏ. முடித்து, மைசூர் சமஸ்தான அதிகாரியானார். 'ஸ்ரீனிவாச' என்ற புனைபெயரில் எழுதிய கதைகளின் முதல் தொகுப்பு 1920-இல் வந்தது. 'சிக்கவீர ராஜேந்திரா' நாவலுக்கு ஞானபீடம். 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்பார்கள், கன்னடத்தின் சொத்து.

அவரைப் படிக்கிற எல்லோரும் ஓரிடத்தில் தடுமாறுகிறோம். 'பெரியவர் தோன்றியதையெல்லாம் பேசிக்கொண்டு போகிறார், இதில் நுட்பம் எங்கே?' என்று நினைத்துவிடுகிறோம். பல ஆண்டுகள் பள்ளிப் பாடமாக இருந்த 'ரங்கனின் திருமணம்' கதையை எடுத்துக்கொள்வோம். தன் ஊர் ஹொசஹள்ளி வரைபடத்தில் இல்லையே என்ற குறை, அந்த ஊர் மாங்காயின் புளிப்பு என்று ஷியாமன் வெகுநேரம் பேசுகிறான். ரங்கன் வரவே நேரமாகிறது.

ஷியாமன்தான் கதைசொல்லி. அதாவது கதைக்குள் 'நான்' என்று பேசுகிற ஆள்; மாஸ்தி அல்ல. பொம்மலாட்டத்தில் வாயாடிப் பொம்மையும் பொம்மைதான், நூல் வேறொருவர் கையில். அந்த அரட்டை நடக்கும்போதே நாம் அவனை நம்பத் தொடங்கிவிடுகிறோம். மாஸ்திக்கு வேண்டியது அதுதான்.

ஏனென்றால் அடுத்து அவன் செய்வது சூழ்ச்சி. பெங்களூரில் படித்துத் திரும்பிய ரங்கன், வளர்ந்த பெண்ணாகப் பார்த்து, தனக்குப் பிடித்தவளைத்தான் மணப்பேன் என்கிறான். ஷியாமன் ரத்னா என்ற பெண்ணைப் பாடச் சொல்லி அவனைக் கேட்க வைக்கிறான். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்று பொய் சொல்லி ஏங்க விடுகிறான். ஜோசியர் சாஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி வைத்து, ஜோசியத்தில் அவள் பெயரையே வர வைக்கிறான். இவ்வளவும் தெரிந்த பிறகும் நமக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை. முதல் பக்கங்களின் மாங்காய்ப் பேச்சு இங்கேதான் வேலை செய்கிறது.

மீண்டும் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரத்னாவுக்குப் பதினோரு வயது. அவள் விருப்பம் என்னவென்று ஷியாமன் கேட்கவில்லை. அவன் பேச்சில் மயங்கியிருந்த நாமும் கேட்கவில்லை.