எஞ்சின் ஒயில் எங்கே போகின்றது?

தமிழ் கற்பிக்கும் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை பழைய மாணவர் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயின், திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்திலே மருத்துவனுக்குக் கூறிய முறை எஞ்சினுக்கும் பொருந்துவதாம். நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை அறிதல், தீர்க்கும் வழியை அறிதல், அதன் பின்னரே மருந்து கொடுத்தல் என்பது அம்முறை. இவ்வொழுங்கை மாற்றி மருந்திலிருந்து தொடங்குவோர் பணத்தை இழப்பர். சிலவேளை எஞ்சினையும் இழப்பர். யானும் இழக்க இருந்தவனே. ஆதலின் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் இன்றும் ஓடுகின்றன. பாட்டன் வாங்கிய வண்டியைப் பேரன் ஓட்டும் வீடுகள் நம்மிடையே உள. இத்தகைய வண்டியை உடையவர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு: “ஒயில் குடிக்கிறது.” இதனைக் கேட்டவுடன் பலர் கூறும் தீர்ப்பும் ஒன்றே: “சிலிண்டர் தேய்ந்துபோயிற்று, கடைந்து பெரிய பிஸ்ரன் போடவேண்டும்.” இத்தீர்ப்புச் சிலவேளை சரியாகும், பலவேளை பிழையாகும்.

எஞ்சினுள் ஊற்றிய ஒயில் குறைவதாயின் அது செல்லக்கூடிய வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று வெளியே ஒழுகுதல். மற்றையது சிலிண்டருக்குள் புகுந்து எரிதல். எரியும் ஒயிலும் இரு வாயில்களால் உட்புகும். கீழிருந்து, தேய்ந்த அல்லது இறுகிப்போன பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஏறலாம்; மேலிருந்து, வால்வுத் தண்டுக்கும் அதன் வழிகாட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியால் இறங்கலாம். முன்னையதற்கு எஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரும். பின்னையதற்கு மேற்பகுதி வேலையே போதும். செலவிலே இவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு மிகப் பெரிது. எனவே எவ்வாயில் என்று காண்பதே ஆராய்ச்சியின் உயிர்நிலை.

முதலாவது, அளத்தல். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மேற்குறி வரை ஒயிலை நிரப்பி, மைற்கணக்கைக் குறித்துக்கொண்டு, சில நூறு மைல் ஓடியபின் மீண்டும் மேற்குறிக்குக் கொண்டுவர எவ்வளவு வேண்டியிருந்தது என்று எழுதுக. மேற்குறியைத் தாண்டி ஊற்றுதல் ஆகாது. மிகுதியான ஒயில் வாரியடிக்கப்பட்டுத் தானே வீணாகும். நல்ல எஞ்சினும் சிறிது ஒயிலை எரிக்கும். பழைய எஞ்சின் 1000 மைலுக்கு ஒரு லீற்றர் அளவில் எடுப்பின் அதனை உடனே பிரிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஒழுக்கை நோக்கல். இரவிலே எஞ்சினின் கீழ்ப் பழைய புதினத்தாளை விரித்துவைத்தால் காலையிலே துளிகள் சான்று கூறும். தாள் சுத்தமாயிருப்பின் ஒழுக்கே இல்லையென முடிவுசெய்தலும் தவறு. எஞ்சின் ஓடும்போது மாத்திரம் ஒழுகும் இடங்கள் உள. எஞ்சினின் புறத்தை நன்றாகக் கழுவி, சிறிது தூரம் ஓடிவந்து, விளக்கொளியிற் பார்க்க வேண்டும். ஒயில் கீழ்நோக்கி வழியும். காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகையால் ஈரமாயிருக்கும் இடங்களுள் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ளதே ஊற்றுக்கண்ணாகும். வால்வு மூடியின் காஸ்கற் கசிந்து, அடித்தொட்டி கசிவதுபோலத் தோன்றுதல் பெருவழக்கு. எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பினும் உள்ளே அமுக்கம் கூடி, நல்ல காஸ்கற் வழியாகவும் ஒயில் வெளியே தள்ளப்படும். அக்குழாயைச் சுத்தஞ் செய்வதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, புகையை வாசித்தல். கரும்புகை பெற்றோல் மிகுதியைக் காட்டும். வெண்மையாய் நெடுநேரம் நீங்காதிருக்கும் புகை தண்ணீர் உட்புகுவதைக் காட்டும். நீலம் பாய்ந்த புகையே ஒயிலின் புகை. நிறத்தினும் முக்கியமானது அது தோன்றும் வேளை. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஓடவிட்டதும் ஒருமுறை குப்பென நீலப்புகை எழுந்து பின் மறையுமாயின், வால்வு வழியாக இறங்கித் தேங்கிய ஒயில் எரிகின்றது என்று கொள்ளலாம். புகையிரதக் கடவையிலே எஞ்சினை ஓடவிட்டுக் காத்துநின்று, கதவு திறந்து புறப்படும்போது புகை எழுவதும் அவ்வாறே. மெதுவாக ஓடும் எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் வெற்றிடம் மிகும். அது வால்வுத் தண்டின் வழியே ஒயிலை இழுக்கும். இவ்வாறன்றிப் பாரமேற்றிச் செல்லும்போதும் வேகங்கொள்ளும்போதும் இடைவிடாது புகை வருமாயின் வளையங்களை ஐயுறுக.

நான்காவது, தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தல். உலர்ந்த கரி ஒயிலின் அடையாளமன்று. ஈரமான, மினுமினுக்கும் கருமையே ஒயிலின் அடையாளம். ஒரு பிளக் மாத்திரம் ஈரமாயின் குற்றம் அந்தச் சிலிண்டருக்கே உரியது.

ஐந்தாவது, அமுக்கத்தை அளத்தல். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானி கொண்டு குறித்தபின், குறைந்த சிலிண்டருள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் உயருமாயின் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஒயில் அவ்விடைவெளியை அடைத்தமையால் உயர்ந்தது. உயராவிடின் வால்வு சரியாக மூடவில்லை. இன்னுமொன்று: அமுக்கம் நன்றாயிருந்தும் ஒயில் எரியக்கூடும். வால்வுத் தண்டின் தேய்வும், ஒயிலை வழிக்கும் கீழ்வளையம் கரியால் இறுகுதலும் அமுக்கத்தைக் குறைக்க வேண்டுமென்பதில்லை.

இனி, நம் ஊர் அனுபவத்தால் அறிந்த ஒரு செய்தி. 1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அக்காலத்தில் எங்கள் தந்தையார், “இப்பொழுது வண்டி ஒயில் குடிப்பதில்லை” என்று மகிழ்ந்து கூறியது எனக்கு நினைவிருக்கின்றது. நாள்தோறும் அளவுகோல் மேற்குறியைக் காட்டியது. அது பொய்ச்சாட்சி என்பதை ஒருவரும் அறிந்திலோம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் முற்றாக ஆவியாகாது. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு, வளையங்களைக் கடந்து அடித்தொட்டியில் விழும். மேலே ஒயில் எரிந்து குறைய, கீழே மண்ணெண்ணெய் சேர்ந்து அளவை நிரப்பும். அளவு குறையாது, ஆனால் தொட்டியில் இருப்பது வெறும் ஒயில் அன்று, நீர்த்த கலவை. ஒருநாள் இரவு நோயாளி ஒருவரை ஏற்றிச் சென்ற வழியில் எங்கள் எஞ்சின் தட்டத் தொடங்கியது. பேரிங்குகள் கெட்டுவிட்டன. நோயாளியைத் துவிச்சக்கரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே மிகுதி வழியைக் கடந்தார்கள். அவர் பிழைத்தார், அது எங்கள் நல்லூழ். அளவுகோலில் ஒட்டிய ஒயிலை விரலால் தேய்த்துப் பார்த்து, மணந்து பார்த்திருந்தால் அன்றே அறிந்திருக்கலாம்.

அவ்வண்டியே பின்னர் திருத்தப்பட்டு என் கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அது 300 மைலுக்கு அரை லீற்றர் ஒயிலை எடுக்கத் தொடங்கிற்று. ஒரு திருத்தகத்தார், “மண்ணெண்ணெயில் ஓடின வண்டி, சிலிண்டர் போய்விட்டது” என்று எஞ்சினைத் திறவாமலே தீர்ப்பளித்தனர். அவர்கள் கேட்ட தொகை என் பல மாதச் சம்பளம். வண்டியை விற்றுவிடவே எண்ணினேன். முதிய மெக்கானிக் ஒருவர் தடுத்தார். “மாஸ்ரர், அது அந்தக் காலத்துக் கதை. இப்ப என்ன செய்யுதெண்டு எழுதிப் பாருங்கோ” என்றார்.

எழுதினேன். புதினத்தாள் நனையவில்லை. கழுவி ஓடியபோதும் ஈரம் தோன்றவில்லை. புகை காலையில் ஒருமுறை. பின் கடவையில் நின்று புறப்படும்போது. மூன்றாம் பிளக் மாத்திரம் ஈரம். நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கம் ஏறக்குறையச் சமம். மேற்பகுதியைத் திறந்தபோது, வால்வுத் தண்டுகளிலுள்ள சிறு இறப்பர் வளையங்கள் கல்லாய் இறுகியிருந்தன. மூன்றாவது சிலிண்டரின் உறிஞ்சுவால்வில் வளையம் உடைந்தே போயிருந்தது. எட்டையும் மாற்றினோம். அடுத்த 1000 மைலுக்குக் கால் லீற்றர் ஒயிலும் தேவைப்படவில்லை. விற்க எண்ணிய வண்டியிலேயே இன்றும் தந்தையாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கின்றேன்.

மாணவர்களே, மலிவான சோதனையை முதலிலும் விலையுயர்ந்ததை ஈற்றிலும் செய்யுங்கள், ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். ‘இது இன்ன வண்டி, இதற்கு இன்ன நோயே வரும்’ என்னும் பேச்சைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அவ்வாறே சில மாணவரைப் பற்றியும் அவர்தம் பழங்கதையைக் கொண்டு யான் தீர்ப்புக் கூறியதுண்டு. அந்தச் சிறு இறப்பர் வளையத்தை மேசையில் வைத்திருப்பது அதனை மறவாமைக்கே.