செட் மாத்திரைக்குள் ஒரு குட்டி மாத்திரை

உத்தமபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பதினைந்து வருடமாக ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறேன். முட்டிவலி, இடுப்புவலிக்குக் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடுவேன். போட்டால்தான் விடியற்காலை ஜீப் ஏற முடிகிறது. ஆறு மாதமாக முகம் உப்பிவிட்டது, கை கால் மெலிந்துவிட்டது. புதிதாகச் சர்க்கரையும் இருக்கிறது என்கிறார்கள். மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?"

வேண்டாம் அம்மா. இன்றே நிறுத்த வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக மலையேறிப் போகிறவர்களுக்கும், திராட்சைப் பந்தலுக்கடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கிக் கவாத்து வெட்டுகிறவர்களுக்கும் இந்தக் காகிதப் பொட்டலம் புதிதல்ல. மூன்று நான்கு மாத்திரைகள் இருக்கும். ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு. கூடவே ஒரு குட்டி மாத்திரை கிடந்தால், அது பல நேரங்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுதான். உங்கள் பொட்டலத்தைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உருண்ட முகம், மெலிந்த கை கால், புதுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து வந்தால் மருத்துவருக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான் வரும்.

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை தினமும் கார்ட்டிசால் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், பட்டினி எது வந்தாலும் உடம்பு தாக்குப்பிடிப்பது அதனால்தான். டெக்சாமெத்தசோன் அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்து. வீரியம் ஏறக்குறைய 25 மடங்கு. அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டாலே, சாதாரண நாளில் உடம்பு தானாகச் சுரக்கும் அளவைத் தாண்டிவிடும்.

வாய்க்காலில் வருடம் முழுக்கத் தண்ணீர் வந்தால் கிணற்று மோட்டாரை யார் போடுவார்கள்? போடாமல் கிடந்த மோட்டார் அவசரத்துக்கு ஓடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் நம் சுரப்பியும் அப்படித்தான் படுத்துவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

இது கெட்ட மருந்தா என்றால், இல்லை. இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தான கார்ட்டிசோனை 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் வரும் கெடுதலும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வலியையும் வீக்கத்தையும் அடக்கும், பசியைக் கிளப்பும், தெம்பு வந்ததுபோல இருக்கும். தேய்ந்த மூட்டு மட்டும் தேய்ந்தபடியே இருக்கும். உள்ளே எலும்பு பொறையோடும், ரத்த அழுத்தம் ஏறும், கண்புரை வரும். அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கும். வலி மாத்திரையோடு சேரும்போது வயிற்றில் புண் வைத்து ரத்தம் கசியவும் கூடும்.

டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும் இடங்களும் உண்டு. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். குறைமாதத்தில் வலி எடுத்த தாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 6 மில்லிகிராம் ஊசி நான்கு போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது. கொரோனாவில், 2020 ஜூனில் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வின்படி, செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை. அதே கொரோனாவில் தேவைக்கு மேல் கொடுத்ததும், சர்க்கரை கட்டுப்படாததும்தான் 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: இதே மருந்து மாட்டுக்கும் உண்டு. கன்று ஈன்ற பிறகு தீனி எடுக்காமல் பால் வற்றும் கீட்டோசிஸுக்குக் கால்நடை மருத்துவர் போடுவார். சினை மாட்டுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், போட்டால் கன்று வீசிவிடும். ஊசி போட வருகிறவரிடம் மாடு சினை என்பதை முதலில் சொல்லுங்கள். போட்ட பிறகு எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்றும் கேளுங்கள். சந்தேகமிருந்தால் 1962-க்கு அழைக்கலாம்.

எழுதிய அம்மாவுக்கு: மிச்சமிருக்கும் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். எத்தனை வருடம், நாளைக்கு எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும் வரை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இடையில் வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, "ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் வரை, விபத்தோ அறுவை சிகிச்சையோ எதுவானாலும், வீட்டில் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.