ஹைபிரிட் ரோந்து வண்டியில் மின்சாரக் கணக்கு

ஆண்டாப் ஹில்லில் சி.ஜி.எஸ். குவார்ட்டர்ஸ், சங்கம் நகர், கோக்ரி அகர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குப் போலீஸ் ரோந்து வண்டியின் சிவப்பு நீல வெளிச்சம் புதிதல்ல. பிள்ளையாரைக் கரைக்கும் அனந்த சதுர்த்தசி ராத்திரியில் மூலைக்கு ஒரு வண்டி மணிக்கணக்காக நிற்கும். விளக்கு மின்னும், வயர்லெஸ் இரையும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்கு சார் எஞ்சின்?" என்று என் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருநாள் கேட்டான். நல்ல கேள்விதான்.

அந்த வண்டி சும்மா நிற்கவில்லை என்பதே பதில். அது சக்கரம் வைத்த ஓர் ஆபீஸ். கூரை மேலே எல்.இ.டி. விளக்குப் பட்டைக்குச் சராசரியாக 5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வயர்லெஸ் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆம்பியர் போதும். 25 வாட் செட்டில் பேச ஆரம்பித்தால் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். 112-க்கு வரும் அழைப்பைக் காட்டும் திரைக்கு 2, கேமராவுக்கு 1. சைரன் தனி, 100 வாட் சைரனுக்கு எட்டு ஆம்பியராவது வேண்டும். சைரனை விட்டுவிட்டாலும் சுமார் 9 ஆம்பியர் இடைவிடாமல் போகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, எஞ்சினை அணைத்தால் இரண்டரை மணி நேரம்தான் தாங்கும். அதனால்தான் ஆல்டர்னேட்டர் சுற்றுவதற்காகவே எஞ்சினை ஓட விடுகிறார்கள்.

இதற்கு ஆகும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல. 2017-இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்கப் போலீசுக்காக ஹைபிரிட் வண்டியை அறிவித்தபோது, எட்டு மணி நேர ஷிப்டில் 4.9 மணி நேரம் ரோந்து வண்டி நின்றபடியே ஓடுகிறது என்று கணக்குச் சொன்னது. மணிக்கு 0.27 காலன், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல். ஹைபிரிட் மிச்சப்படுத்துவது முக்கியமாக இந்த லிட்டரைத்தான். விளக்கு, வயர்லெஸ்ஸுக்கான மின்சாரத்தைப் பெரிய பேட்டரி கொடுக்கும்; அது இறங்கும்போது எஞ்சின் தானாக எழுந்து, சார்ஜ் ஏற்றிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஆனால் ஹைபிரிட் என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மாருதி 2015-இல் சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகளில் கொண்டுவந்ததும், 2018 நவம்பரில் வந்த புதிய எர்டிகா பெட்ரோலில் இருப்பதும் லேசான ஹைபிரிட். சிக்னலில் எஞ்சினை நிறுத்தி எழுப்பும், கிளம்பும்போது ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். இன்னோவா ஹைகிராஸ் போன்றவை முழு ஹைபிரிட். எஞ்சின் இல்லாமலே கொஞ்ச தூரம் நகரும். முன்னதில் போட்ட வயரிங் திட்டத்தை அப்படியே பின்னதற்குப் போட்டால் வம்பு.

முழு ஹைபிரிட்டில் வழக்கமான ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியின் உயர் வோல்டேஜை ஒரு கன்வெர்ட்டர் 14 வோல்ட் அளவுக்கு இறக்கி, 12 வோல்ட் சின்ன பேட்டரிக்குக் கொடுக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர்களும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேவும் இந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பெரிய பேட்டரி நிரம்பி வழிந்தாலும் சின்னது செத்தால் வண்டி எழுந்திருக்காது. போலீஸ் சாமான்கள் அத்தனையும் தொங்குவது அந்தச் சின்னதில்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தனியார் காவல் நிறுவனத்தின் ஹைபிரிட் வண்டிக்கு விளக்கு, வயர்லெஸ், திரை, கேமரா எல்லாம் பொருத்தினேன். பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் ஆக்சசரி லைனில் கொடுத்துவிட்டேன். விடிகாலை மூன்று மணிக்கு டிரைவர் தம்பியிடமிருந்து போன். "அண்ணாச்சி, எல்லாம் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எஞ்சின் சத்தம் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப ஒண்ணுமே வரல." பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்தியவர் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தியிருக்கிறார். வண்டி ரெடி நிலைக்கு வரவில்லை. கன்வெர்ட்டர் வேலையே செய்யவில்லை. நான்கு மணி நேரம், 9 ஆம்பியர், 36 ஆம்பியர்-மணி காலி. தப்பு தம்பியுடையது அல்ல, என்னுடையது. அன்றைக்கு அங்கே திருடன் வந்திருந்தால்?

அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அதிக மின்சாரம் இழுக்கும் சாமான்களுக்கான ரிலே, வண்டி ரெடியில் இருக்கும்போது மட்டும் பிடிக்க வேண்டும். அந்த சிக்னலை எந்த இடத்தில் எடுக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, கண்ணில் பட்ட வயரைச் சுரண்டி எடுக்கக் கூடாது. வோல்டேஜ் இறங்கும்போது முதலில் விளக்கு, அடுத்து கேமராவும் திரையும், கடைசியில்தான் வயர்லெஸ் என்ற வரிசையில் கழன்றுகொள்ளும்படி கட்-ஆஃப் வைக்க வேண்டும். உதவி கேட்கும் வாய் கடைசிவரை திறந்திருக்க வேண்டும் அல்லவா. இடமும் பணமும் இருந்தால், சாமான்களுக்கென்று தனி பேட்டரி வைத்து, அதை வண்டி ஓடும்போது தனி சார்ஜர் வழியாக நிரப்புவது இன்னும் உத்தமம்.

லேசான ஹைபிரிட்டில் தொல்லை வேறு மாதிரி. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்ட்டை அளக்கும் சென்சார் இருக்கும். பழைய ஜீப்பில் செய்த மாதிரி எர்த் வயரை நேரே அந்த முனையில் மாட்டினால், நம் சாமான் தின்னும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது. பேட்டரி நிரம்பியிருப்பதாக வண்டி ஏமாந்துபோகும். எர்த்தை பாடியில் அதற்கென உள்ள போல்ட்டில்தான் கொடுக்க வேண்டும். எஞ்சின் மறுபடி எழும் நொடியில் வோல்டேஜ் சரிந்து திரை அணைந்து எரியவும் கூடும்.

வயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 4 சதுர மி.மீ. செம்பு வயரில் ஐந்து மீட்டர் தூரம் 20 ஆம்பியர் போனால் ஏறக்குறைய அரை வோல்ட் வழியிலேயே தொலையும். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் கை வைக்காதீர்கள், அது உயர் வோல்டேஜ். தரையில் துளை போடுமுன் அது எந்த வழியாகப் போகிறது என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஆன்டெனா வயரும் அதை ஒட்டி ஓடக் கூடாது, ஓடினால் வயர்லெஸ்ஸில் இரைச்சல் வரும். பல வண்டிகளில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று சீட் பக்கத்துத் துவாரம் வழியாகத்தான் போகிறது. அங்கே லத்தியும் தொப்பியும் அடைத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மழையையும் மறக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியதை நாம் மறக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் இடுப்பளவுத் தண்ணீரையும் பார்த்தவர்கள்தாமே. பெட்டிகளை சீட்டுக்கு அடியில் தரையோடு பொருத்துவது சென்னைக்கும் ஆகாது, மும்பைக்கும் ஆகாது.

(வீட்டுக் காருக்கும் அந்த சிவப்பு நீல விளக்கு வேண்டுமென்று கேட்டு வருகிறார்கள். 2017 மே முதல் மந்திரி வண்டிக்கே சிவப்பு விளக்கு கிடையாது. நான் மாட்டித் தருவதில்லை.)

வேலை முடிந்ததும் வண்டியைப் பூட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போவேன். பூட்டிய வண்டியில் எத்தனை மில்லி ஆம்பியர் கசிகிறது என்று மீட்டரில் பார்த்து, வண்டியின் வழக்கமான அளவைவிடக் கூடியிருந்தால் எந்தச் சாமான் தூங்கவில்லை என்று ஃப்யூஸை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுவேன். காலையில் டிரைவரையே கூப்பிட்டு, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தச் சொல்வேன். ரெடி விளக்கு எரிகிறதா என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் சாவியைக் கொடுப்பது.